விழவேண்டிய கம்பி

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவே இல்லை என்று இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. கடைக்குப் போர்டு கிடையாது. இருந்திருந்தாலும் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, என்ன பிரயோசனம்! இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ராயப்பேட்டையில் அந்தச் சந்துக்குள் நுழைந்து "ஆர்கான்காரரு எங்க?" என்று கேட்டால் போதும், பல்லில்லாத கிழவியிலிருந்து பால் குடிக்கிற பிள்ளை வரைக்கும் கை காட்டும்.

இரும்புக்கு அப்போதே தெருவுக்கு ஒரு வெல்டர் இருந்தார். அலுமினியம் என்றால் எல்லோரும் கையை விரித்துவிடுவார்கள். இரும்பு சூடேறினால் சிவக்கும், இன்னும் கொஞ்சம் போனால் உருகப்போகிறேன் என்று நமக்குச் சொல்லும். அலுமினியம் சொல்லாது. வெள்ளையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். இருக்கும்போதே பொதக்கென்று உள்ளே இறங்கிப் பெரிய ஓட்டையாகிவிடும். அதை ஒட்டவைக்க அந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான். மயில் கழுத்து நிறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சிலிண்டர் வைத்திருந்தார். அதிலிருந்து வரும் வாயுவுக்குத்தான் ஆர்கான் என்று பெயராம். பேனா மாதிரி ஒன்றை வலது கையில் பிடிப்பார், அதன் முனையில் ஊசி. அந்த ஊசியிலிருந்து நீலமாக வெளிச்சம் வரும், வாயு அதைச் சுற்றிக் காற்றை அண்டவிடாது. இடது கையில் மெல்லிய அலுமினியக் கம்பி. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல அதைத் தொட்டுத் தொட்டு எடுப்பார். மெஷின் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடும். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி அவருக்குச் சாதாரணப் பேச்சே கூச்சலாகிவிட்டது. மூக்குப்பொடி வேறு. முகமூடிக்குள்ளேயே தும்முவார், பாவம்.

அவரிடம் எதைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இது இன்னா வேலை பாக்கும்?"

எங்கே உடைந்தது, எப்போது வேண்டும், யார் வீட்டுச் சாமான் என்றெல்லாம் கேட்க மாட்டார். அது என்ன வேலை பார்க்கும் என்று கேட்பார். ஒட்டி முடித்த பிறகு அந்த வேலையை அது செய்வதைத் தன் கண்ணால் பார்க்காமல் திருப்பித் தர மாட்டார். தலைகீழாக நின்றாலும் தர மாட்டார்.

மயிலாப்பூரில் மெஸ் வைத்திருந்த ஒரு மாமி இட்லிப் பானை கொண்டுபோனார். இவர் ஒட்டிவிட்டு, பானையைத் தானே தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்து, அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி ஊத்திப் பாத்தா ஆகாதா? ஒழுகலையே!" என்றார் மாமி.

"தண்ணி புடிக்கறதுக்கு பக்கெட்டு கீது. இது இட்லிப் பானை. இட்லி வேவட்டும்."

வெந்தது. பன்னிரண்டு தின்றுவிட்டுத்தான் எழுந்தார். "பானையைப் பாக்க வந்தாரா, பசிக்கு வந்தாரா?" என்று மாமி அதற்குப் பிறகு பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த பானையையும் அவரிடம்தான் கொடுத்தனுப்பினார்.

இன்னொரு தரம் யாரோ ஒருத்தருடைய அலுமினிய ஊன்றுகோல். ஒட்டி முடித்து, அதை அக்குளில் வைத்துக்கொண்டு, ஒரு காலை மடக்கித் தெரு முழுக்க நொண்டிக்கொண்டே போயிருக்கிறார். அவர் மச்சான் பஸ்ஸில் போகிறபோது அதைப் பார்த்துவிட்டான். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் மாமியார் வீட்டு ஜனம் முழுவதும் ஆரஞ்சுப் பழத்தோடு அழுதுகொண்டு நிற்கிறது. இவர் இரண்டு காலோடு வந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பழத்தை உரித்தாராம். இதை அவர் மனைவியே எனக்குச் சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அவரிடம் போனதோ சிரிக்கிற விஷயத்துக்கு இல்லை.

அப்போது மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தேன். வயது இருபத்தேழுதான். ஆனாலும் ஆயா என்றால் ஆயாதான், டீச்சர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். கைப்பிள்ளையாக என் மகள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். எனக்கு முன்னால் இருந்த ஆயா ஒரு பீரோச் சாவியைத் தொலைத்ததற்காக மூட்டை முடிச்சோடு வெளியே போனவள். அந்தச் சாவி பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் கைப்பைக்குள்ளேயே கிடைத்தது. சாவி கிடைத்தது, வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

எங்கள் டிரில் டீச்சர் இரண்டு வருஷம் கெஞ்சிக் கேட்டு ஒரு ஹை ஜம்ப் கம்பி வாங்கினார். அதற்கு முன்னால் மூங்கில்தான். பிள்ளைகள் முழங்காலெல்லாம் சிராய்த்துக்கொள்ளும். இது அலுமினியக் குழாய், வடக்கேயிருந்து ரயிலில் வந்தது. இரண்டு ஆள் நீளம், ஆனால் ஒரு விரலில் தூக்கலாம். டீச்சர் அதைப் பழைய பட்டுப்புடவை சுற்றித்தான் வைப்பார். சரோஜா என்று ஒரு நெட்டைப் பெண், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் மகள், அந்தக் கம்பிக்காகவே பிறந்தவள் மாதிரி தாண்டுவாள். அடுத்த புதன்கிழமை எங்கள் மைதானத்திலேயே நாலைந்து பள்ளிக்கூடங்களுக்குப் போட்டி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நாடகமேடைத் திரையைத் துவைத்தேன். சிவப்பு வெல்வெட்டு. ஈரமானால் யானைக்குட்டி கனம். எங்கே உலர்த்துவது? நிமிர்ந்து பார்த்தால் மைதானத்தில், பயிற்சி முடிந்து எடுத்துவைக்க மறந்துபோன இரண்டு கால், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, மேலே நல்ல வெயில். உயரத்தைக்கூட ஏற்றி இறக்கலாம். நீங்களே சொல்லுங்கள், பார்த்தால் துணி காயப்போடுகிற கொடி என்றுதானே தோன்றும்? போட்டேன். அறைக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தேன். திரை மணலில் கிடந்தது. கம்பி நடுவில் மடங்கி, பாதி கிழிந்து, மூக்கொடிந்த காகம் மாதிரி தொங்கியது.

அன்றைக்கு நான் அழுத அழுகையில் திரையை இன்னொரு தரம் அலசியிருக்கலாம்.

சனிக்கிழமை விடுமுறை. விடிந்ததும் கம்பியைப் பாயில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து நடந்தேன். பஸ்ஸில் யார் ஏற்றுவார்கள்? நேராகப் போகிற வரைக்கும் சரி. திரும்புகிற இடத்தில் நான் ஒரு பக்கம் திரும்பினால் கம்பியின் வால் இன்னொரு பக்கம் ஊரையே பெருக்கியது. ஒரு வாழைப்பழ வண்டிக்காரனின் சீப்பு இரண்டைத் தள்ளிவிட்டேன்.

"யம்மோவ்! பந்தல் போடப் போறியா, பந்தலோடவே போறியா?" என்று கத்தினான்.

ஆர்கான்காரர் பாயைப் பிரித்தார். தடவிப் பார்த்தார். கேட்டார்.

"இது இன்னா வேலை பாக்கும்?"

உண்மையைச் சொன்னால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பள்ளிக்கூடத்துக்குச் சேதி போகும். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கொடிக்கம்பிண்ணா. துணி காயப்போடறது."

"அலுமினியத்துல கொடியா? பெரிய எடத்து வூடு போல," என்றார். "சாயங்காலம் வா."

சாயங்காலம் போனால் சந்தில் கூட்டம். இரண்டு பீப்பாய் மேல் என் கம்பி. அதன் மேல் நனைத்த ஜமக்காளம் மூன்று, கோணிச் சாக்கு நாலு. கம்பி அசையவில்லை. அவர் முகமெல்லாம் பல்.

"பாத்துக்கோ! உள்ள ஒரு தடிக் கம்பியை வுட்டு ஒட்டிக்கீறேன். யான மேல குந்தினாலும் உடையாது. ஆயுசுக்கும் காயப்போடு."

ஜமக்காளத்தை எடுத்துவிட்டுக் கம்பியைத் தூக்கினேன். கடப்பாரை! ஒரு விரலில் தூக்கிய சாமான் இரு கையிலும் கனத்தது. வெறும் கம்பியே நடுவில் தொய்ந்து நின்றது. ஒரு பிள்ளை கால் பட்டால் இது விழாது, பிள்ளைதான் விழும். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரை, பள்ளிக்கூடம், அறை, மகள், பீரோச் சாவி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் கோபத்தில் முகமூடியைக் கழற்றி வீசினார்.

"பொய் சொன்னே, அது உன் பாடு. வேலைய மாத்திச் சொன்னியே, அது நியாயமா? கொடிக்கு ஒரு வேலை, இதுக்கு ஒரு வேலை இல்ல? இப்போ சொல்லு. நெசமா இது இன்னா வேலை பாக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகள் தாண்டும்போது அது சும்மா இருக்கும். அதற்கு வேலை வருவது கால் பட்டால்தான்.

"வுழணும்ணா," என்றேன். "இத்தினூண்டு தொட்டாலும் வுழணும். தொடாங்காட்டி காத்தடிச்சாலும் வுழக்கூடாது."

அவர் சிரித்தார் பாருங்கள், சிலிண்டரே ஆடியது.

"இருவது வருசமா உடையாம இரு, வுழாம இருன்னு ஒட்டிகினு கீறேன். வுழறதுக்குன்னு ஒண்ணு இன்னிக்குத்தான் வந்துக்கீது!"

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே வேலை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தடிக்கம்பி வைத்த இடத்தை அப்படியே அறுத்து எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வைக்க அலுமினிய மடக்கு நாற்காலி ஒன்றின் காலை வெட்டினார், அதே கனமுள்ள மெல்லிய குழாய். அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருந்த கம்பி பிரஷ்ஷால் இரண்டு முனையையும் பளபளவென்று தேய்த்தார். வெட்டி மீந்த துண்டில் நாலு தரம் ஒத்திகை. ஒரு தரம் ஓட்டை விழுந்தது, ஒரு தரம் தும்மல் வந்தது. ஐந்தாவதில்தான் என் கம்பியைத் தொட்டார். கண்ணைத் திருப்பிக்கொள் என்றார், சுவரில் நீலமாக வெளிச்சம் துடித்ததைத்தான் பார்த்தேன். முடிந்தபோது சின்னச் சின்னச் செதிலாக இரண்டு மோதிரம் போட்டது போல இருந்தது. பிள்ளைகள் காலில் கீறாமல் இருக்க அதையும் அரத்தால் ராவிவிட்டு, சிமெண்டுத் தரையில் உருட்டி உருட்டிக் கோணல் எடுத்தார். ஒரு விரலில் தூக்கினேன். தூக்க முடிந்தது!

"குடுண்ணா, போறேன்."

"எங்க போறே? வுழறதைப் பாக்கவேணாமா?"

"பீப்பா மேல வச்சித் தட்டிப் பாருண்ணா."

"பீப்பா மேல வுழறது வுழறதில்லம்மா. அது அதோட எடத்துல, தாண்டற புள்ள தாண்டி வுழணும்."

"நாளைக்கு ஏழரைக்கு டீச்சர் வந்துடுவாங்க! பாத்தா என் கதி இன்னா ஆவறது?"

"ஆறு மணிக்கே வரேன்."

கையைப் பிடித்தேன், காலைப் பிடிக்கப் போனேன். ஊஹூம். இட்லி வேகாமல் பானையைக் கொடுத்த மனிதரா அவர்!

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். சரோஜா பள்ளிக்கூட நாளெல்லாம் அந்த நேரத்துக்குப் பயிற்சிக்கு வருவாள், அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன் ஆயா" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஓடிவந்து தாண்டினாள். கம்பி அசையவில்லை. இன்னும் ஏற்றினோம். தாண்டினாள். இன்னும் ஏற்றினோம். பறவை மாதிரி தாண்டினாள்.

ஆர்கான்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா பாப்பா, நீ பாட்டுக்குத் தாண்டிகினே கீறே? நான் எப்பிடிப் பாக்கறது? ஒரு தபா தட்டும்மா!"

"நான் எதுக்குத் தட்டணும்? புதன்கிழமை போட்டி இருக்கு. அந்தப் பழக்கமே எனக்கு வேணாம்" என்று அவள் இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

"அப்போ கையால தள்ளு."

"நீங்கதானே சொன்னீங்க, தாண்டிதான் விழணும்னு?"

இரண்டும் விடாக்கண்டன் கொடாக்கண்டன். மணி ஏழாகிவிட்டது, நான் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உனக்குத் தாண்டத் தெரியுமா?"

"எனக்கெங்கண்ணா தெரியும்?"

"அதான் வேணும். வா!"

வேறு வழி? புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகினேன். காளியாத்தாவை நினைத்துக்கொண்டு ஓடினேன். தாண்டினேன் என்று சொன்னால் பாவம். என் கால் கம்பியைத் தட்டியது தெரியும், அதற்கப்புறம் மணலில் முகம். ஆனால் அந்தக் கம்பி! ஒரு நொடி தயங்காமல், கொண்டையிலிருந்து பூ நழுவுகிற மாதிரி, ணங் என்று எனக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. காலில் ஒரு கீறல் இல்லை.

ஒருவர் கைதட்டுகிற சத்தம் கேட்டது. ஆர்கான்காரர்தான். "வுழுந்துச்சி! அப்பிடிப் போடு! இன்னா வுழுந்து வுழுது!" என்று குதித்துக் குதித்துத் தட்டினார். வாயில் மணலோடு தலையைத் தூக்கினால், அவருக்குப் பின்னால் டிரில் டீச்சர் நிற்கிறார்.

"ஆயா. என்ன நடக்குது இங்க?"

ஆர்கான்காரர் என்னைப் பார்த்தார். எனக்காக ஒரு பொய் சொல்லவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. மணல் குழியில் உட்கார்ந்தபடியே நானே சொன்னேன். "திரையைத் தொவைச்சி இது மேல காயப்போட்டேன் டீச்சர். ஒடைஞ்சிடுச்சி. இவருதான் ஒட்டிக் குடுத்தாரு. கொடின்னு நெனைச்சிட்டேன் டீச்சர். இவருகிட்டயும் மொதல்ல கொடின்னே சொல்லிட்டேன்."

டீச்சர் கம்பியை எடுத்தார். மோதிரம் இரண்டையும் நகத்தால் தடவினார். தாங்கியில் வைத்துச் சுண்டு விரலால் தொட்டார். விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி தொட்டார். விழுந்தது.

"புதன்கிழமை போட்டி முடியட்டும். அப்புறம் பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா என்று கேட்காதீர்கள். அறையில் பாத்திரங்களைக் கட்டிவைத்துவிட்டேன்.

போட்டிக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு பெண் தாண்டும்போதும் ஊரே கைதட்டும், அவர் சும்மா இருப்பார். கம்பி விழுந்தால் ஊரே "ச்சூ" கொட்டும், இவர் ஒருத்தர் மட்டும் தட்டுவார். கடைசியில் சரோஜாவே தட்டிவிட்டு இரண்டாவதாக வந்தாள். அதற்கும் தட்டினார். ஜவுளிக்கடைக்காரர், அவள் அப்பா, எழுந்துவிட்டார்.

"என்னவே, எம்புள்ள தோத்துட்டா, நீரு கை தட்டுறீரு?"

"அது தோத்துச்சி நைனா. கம்பி ஜெயிச்சிச்சே!"

சண்டை வரும் என்று பயந்தேன். சரோஜாவின் அப்பா இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார்.

வியாழக்கிழமை காலையில் டிரில் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். விளையாட்டுச் சாமான் அறை. நான் போய்க் கதவுப் பக்கம் நின்றேன். மூலையில் ஹர்டில்ஸ் சட்டங்கள், பிள்ளைகள் ஓடி ஓடித் தாண்டுகிறவை. அதுவும் அலுமினியம்தான், பாதி தேய்ந்து கால் ஆடிக்கொண்டிருந்தது.

"இதுல நாலு சட்டம் ரெண்டு வருஷமா ஆடுது, ஆயா. எடுத்துட்டுப் போ. உனக்குத்தான் வழி தெரியும்" என்றார்.

முதலில் இரண்டை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார்.

"எது என்ன வேலை செய்யும்னு இந்தத் தடவை அவர்கிட்ட உண்மையைச் சொல்லு."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த என் அறையில் அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தேன். என் மகள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்தாள், இதை எழுதுகிறவளின் அம்மா அவள்தான். அந்த மனுஷன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அன்றைக்கு நான் இரண்டு தோளிலும் ஹர்டில்ஸ் சட்டத்தை மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ராயப்பேட்டைக்கு நடந்தேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே வாழைப்பழக்காரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டான்.